சிவப்பு எங்கடா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபிஸ்ல ஆணி அதிகம். இப்பவும் எழுதியிருக்க மாட்டேன். ஆனா போன மாசம் நான் பண்ணின ஒரு அதிமேதாவித்தனத்தை எங்கேயாவது கொட்டியே ஆகணும். என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்க படிச்சா, அடுத்த ஸ்கிரிப்ட்டை ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பீங்க. மத்தவங்க சிரிச்சுட்டுப் போகலாம்.

முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். அம்மா இருக்கறது திருச்சியில, அக்கா வீட்டுல. நான் பெங்களூர்ல. ரெண்டு வருஷம் முன்னாடி சர்க்கரை, பிரஷர், முட்டிவலின்னு அம்மாவுக்கு ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு. மூணு டாக்டர், ஏகப்பட்ட சீட்டு, எல்லாம் ஒரு மஞ்சப்பையில. நமக்குத்தான் எதையும் ஃபைலா மாத்தலைன்னா தூக்கம் வராதே! என் பழைய மேக்புக்கை அக்காகிட்ட கொடுத்து, அதுல ஓம்னி அவுட்லைனர் போட்டு, ஒரு ஃபைலை ஆரம்பிச்சுக் கொடுத்தேன்.

தெரியாதவங்களுக்கு: இது சியாட்டில்ல இருக்கற ஓம்னி குரூப் எழுதின மென்பொருள். தலைப்பு, அதுக்குள்ள உள்தலைப்பு, அதுக்குள்ள வரிகள்னு அடுக்கிட்டே போகலாம், மடக்கி விரிக்கலாம். டாக்டர் பேரு மேல, போன தேதி அதுக்குக் கீழ, மருந்துகள் அதுக்கும் கீழ. அக்கா பிரமாதமா பிடிச்சுக்கிட்டா. ஒரே குறை, மெயில்ல இருந்தும் லேப் ரிப்போர்ட்ல இருந்தும் எடுத்து எடுத்து ஒட்டுவா. ஒரு வரி பெரிசு, ஒரு வரி பொடிசு, ஒரு வரி வேற ஃபான்ட். ஃபைலைத் திறந்தா திருவிழா கடைவீதி மாதிரி இருக்கும்.

போன மாசம் அம்மாவுக்கு கடவாய்ப்பல் எடுக்கணும்னு முடிவாச்சு. சாப்பிடற மருந்து, சாப்பிட்ட மருந்து எல்லாத்தையும் எழுதிட்டு வாங்கன்னு பல் டாக்டர் சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை ராத்திரி அந்த ஃபைலைப் பார்த்தேன். இப்படியேவா அனுப்புறதுன்னு கை அரிச்சுது.

இந்த மென்பொருள்ல ஒரு எழுத்து எப்படித் தெரியணும்ங்கறது அடுக்கடுக்கா முடிவாகும். மொத்த ஃபைலுக்கு ஒரு ஸ்டைல். ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு ஸ்டைல். அப்புறம் அந்த வரிக்குன்னு ஒண்ணு. கடைசியா, வரிக்குள்ள குறிப்பிட்ட எழுத்துகளுக்குன்னு ஒண்ணு. மேல இருந்து வர்றது பரம்பரைச் சொத்து. அந்த இடத்துலயே போட்டது சுயார்ஜிதம். ரெண்டும் மோதினா சுயார்ஜிதம்தான் ஜெயிக்கும். வலைப்பூ டெம்ப்ளேட்ல கை வச்சவங்களுக்கு இது புதுசு இல்லை, 1996ல வந்த சிஎஸ்எஸ்-லயும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

ஸ்கிரிப்ட் மூலமா இந்த எல்லா அடுக்கையும் தொடலாம். 1993ல வந்த ஆப்பிள்ஸ்கிரிப்ட்டும் வேலை செய்யும், ஜாவாஸ்கிரிப்ட்டும் வேலை செய்யும். நான் எழுதினது நாலே வரி. ஒவ்வொரு வரியா போ, அதோட ஸ்டைலை எடு, சுயார்ஜிதத்தைத் துடை. அவ்வளவுதான். கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஃபைல் பளிச்! அங்கங்க ரெண்டு மருந்து சிவப்புல தெரிஞ்சுது. அட, அக்கா போட்ட சிவப்பு கூட பத்திரமா இருக்கேன்னு சந்தோஷமா பிடிஎஃப் எடுத்து வாட்ஸப்ல அனுப்பிட்டுத் தூங்கிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில அக்கா போன்.

"டேய், சிவப்பு எங்கடா?"

"இருக்கேக்கா. ரெண்டு இருக்கு பாரு."

"ரெண்டு இல்லடா. அஞ்சு."

எனக்கு ஏசி ரூம்ல வேர்த்துடுச்சு.

அம்மாவுக்கு ஒத்துக்காத மருந்தை எல்லாம் அக்கா சிவப்பாக்கி வச்சிருக்கா. அமாக்சிசிலின் சாப்பிட்டு அம்மா மூஞ்சியெல்லாம் வீங்கினது அவளுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "இன்னொண்ணு ஏதோ வலி மாத்திரைடா, பேரு வரமாட்டேங்குது." பல்லு பிடுங்கினா டாக்டர் எழுதிக் கொடுக்கறது என்ன? பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை! ரெண்டுமே என் பளிச் ஃபைல்ல மத்த மருந்து மாதிரி சமத்தா கருப்புல உக்காந்திருந்துச்சு. அக்கா அன்னிக்கு அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் பண்ணிட்டா.

பேக்கப் டிஸ்க் என் ரூம்ல இருக்கு. சாயங்காலம் ஓடிப்போய் பழைய ஃபைலை எடுத்தேன். திரும்ப கண்ணால பார்த்து ஏமாற மனசில்லை. இந்தத் தடவை ஆப்பிள்ஸ்கிரிப்ட்ல, எதையும் மாத்தாம கேள்வி மட்டும் கேக்கற ஸ்கிரிப்ட் எழுதினேன். அதுல ஸ்டைலோட ஒவ்வொரு குணத்துக்கும் 'ஹேஸ் லோக்கல் வேல்யூ'ன்னு ஒரு விவரம் உண்டு. இந்த நிறம் உனக்கு பரம்பரையா வந்ததா, நீயே சம்பாதிச்சதான்னு கேட்டா, ஆமா இல்லைன்னு பதில் சொல்லும். வரியையும் கேட்டேன், உள்ள இருக்கற எழுத்துகளையும் கேட்டேன்.

முதல் ஓட்டத்துல நாப்பது வரிக்கு மேல வந்து விழுந்துச்சு. வெளியில இருந்து ஒட்டின எழுத்து, கருப்பையே சுயார்ஜிதமா கொண்டு வந்திருக்கு! அதுல சிவப்பை மட்டும் சலிச்சேன். ஆப்பிள்ஸ்கிரிப்ட்ல நிறம்னா மூணு எண், ஒவ்வொண்ணும் 0ல இருந்து 65535 வரை. முதல் எண் பெரிசா, மத்த ரெண்டும் சின்னதா இருந்தா சிவப்பு. சரியா அஞ்சு வந்துச்சு.

ரெண்டு மட்டும் தப்பிச்ச ரகசியமும் அப்பதான் புரிஞ்சுது. மூணு மருந்துக்கு அக்கா முழு வரியைத் தேர்ந்தெடுத்து சிவப்படிச்சிருக்கா, அது வரியோட சொத்து. மத்த ரெண்டுல எழுத்தை மட்டும் தேய்ச்சு சிவப்படிச்சிருக்கா, அது எழுத்தோட சொத்து. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் துடைச்சது வரியை மட்டும். எல்லாமே போயிருந்தா எனக்கும் உறைச்சிருக்கும். பாதி நின்னதாலதான் ஏமாந்தேன்.

வலி மாத்திரை டைக்ளோஃபெனாக். வயித்தைப் புரட்டி எடுத்ததுன்னு அக்காவுக்கு பேரைக் கேட்டதும் ஞாபகம் வந்துடுச்சு. மத்த மூணையும் போன்ல படிச்சேன்.

"அது இருமல் வருதுன்னு டாக்டரே நிறுத்தின பிரஷர் மாத்திரை."

"சரி, அடுத்தது?"

"அது விலை ஜாஸ்தி. வேற கம்பெனில கேக்கணும்னு சிவப்பு போட்டேன்."

"கடைசி?"

"அது நம்ம தெருமுனை கடையில கிடைக்காதுடா."

சிரிக்கறதா அழுவறதான்னு தெரியலை. ஒரே சிவப்பு, நாலு அர்த்தம். அகராதி அக்கா தலைக்குள்ள. என் ஸ்கிரிப்ட் அழிச்சது நிறத்தை மட்டும்தான், அர்த்தம் அந்த ஃபைலுக்குள்ள எப்பவுமே இருந்ததில்லை.

அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டே சரி பண்ணினோம். 'நிலை'ன்னு ஒரு புது காலம். 'ஒத்துக்காது', 'டாக்டர் நிறுத்தினது', 'சாப்பிடறது'ன்னு பட்டியல்ல இருந்து எடுக்கற மாதிரி. கடை விவகாரமெல்லாம் குறிப்புல. 'ஒத்துக்காது'ங்கற பேர்ல ஒரு ஸ்டைலும் வச்சாச்சு. இப்ப என் ஸ்கிரிப்ட் அந்த காலத்தைப் படிச்சு, அந்த ஸ்டைலைப் போடும். நிறத்தை யாராவது துடைச்சாலும் திரும்ப ஓட்டினா வந்துடும். ஃபைலை ஓபிஎம்எல்-ல ஏத்துமதி பண்ணினா நிறம் கூட வராது, ஆனா வார்த்தை வரும்.

எல்லாம் முடிஞ்சதும் பெருமையா அம்மாகிட்ட போன்ல சொன்னேன், "இனிமே நீ டாக்டர்கிட்ட காட்டுற லிஸ்ட்ல ஒத்துக்காததை எழுத்துலயே போட்டிருக்கோம்மா, சிவப்பை நம்பி இல்லை"ன்னு.

"சிவப்பா? என் பையில இருக்கறதுல ஏதுடா சிவப்பு? உங்கக்கா எப்பவும் ஜெராக்ஸ்தானே எடுத்துக் கொடுப்பா"ன்னாங்க அம்மா.

கருப்பு வெள்ளை ஜெராக்ஸ். ரெண்டு வருஷமா.

பல்லு அடுத்த வாரம் எடுத்தாச்சு. அம்மா நல்லா இருக்காங்க. உங்க வீட்டு ஃபைல்லயும் எங்கேயாவது சிவப்பு இருந்தா, அது என்னன்னு போட்டவங்களை இன்னிக்கே கேட்டு பக்கத்துல எழுதி வச்சிடுங்க மக்களே.