ஜபல்பூரும் ஒரு மாவுக்கடைக் கணக்கும்

ஜபல்பூருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "அங்கே இட்லி கிடைக்குதா?" என்பதுதான். கிடைக்கிறது சாமி, நன்றாகவே கிடைக்கிறது. பீரங்கித் தொழிற்சாலை, வெடிகுண்டுத் தொழிற்சாலை, ராணுவ லாரித் தொழிற்சாலை என்று வரிசையாக இருக்கிற ஊர் இது. ரெண்டு மூணு தலைமுறையாக நம்மாட்கள் இங்கே இருக்கிறார்கள்.

இந்தப் பதிவு இட்லியைப் பற்றி இல்லை. ஆனால் மாவில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கிளையில் ஒரு அம்மாவுக்குக் கணக்கு இருக்கிறது. வேலூர்ப் பக்கம். கணவர் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ரிட்டயர் ஆவதற்கு முன்பே போய்விட்டார். அந்த அம்மா வீட்டு வாசலிலேயே இட்லி மாவும் சாயந்திரம் வடையும் போட்டு ஒரு பையனை இன்ஜினீயரிங் படிக்க வைக்கிறார். கையில் காசு வாங்குவது குறைந்து, சுவரில் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டி எல்லாம் மொபைலில் வாங்க ஆரம்பித்திருந்தார். அந்த ஸ்டிக்கரைக் கொடுத்ததே நான்தான். மாதாந்திர டார்கெட்டில் ஒன்று கூடிற்று, ஹி ஹி.

போன வருடம் ஒரு நாள் காலை பத்தரைக்கு ஒரு மின்னஞ்சல். வேறு ஏதோ மாநிலத்தின் காவல் நிலையத்திலிருந்து. யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் நாலைந்து கணக்கு மாறி, அதில் ஒரு துளி, 4,200 ரூபாய், இந்த அம்மா கணக்குக்கு வந்திருக்கிறதாம். கணக்கு எண், தொகை, கடைசியில் "தேவையான நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

நான் என்ன பண்ணினேன்? யோசிக்கவே இல்லை. முழுக் கணக்குக்கும் டெபிட் ஃப்ரீஸ் போட்டேன். பணம் உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. கம்ப்யூட்டரில் அரை நிமிட வேலை. உள்ளே 71,000 ரூபாய் சொச்சம் இருந்தது.

நாலாம் நாள் அந்த அம்மா வந்தார். பையனின் செமஸ்டர் ஃபீஸ் போகவில்லை, கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"நான் என்ன தம்பி தப்புப் பண்ணேன்? அன்னிக்கு யாரோ ஒருத்தர் பூஜைக்குன்னு மொத்தமா வடை ஆர்டர் குடுத்தாரு. காசு அவருக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு நான் எப்படிக் கேக்கறது? என்னை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மேலேர்ந்து வந்த ஆர்டர்மா, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றேன். இருபது வருட சர்வீஸில் ஆயிரம் தடவையாவது சொன்ன வாக்கியம்.

மனசு கேட்காமல், "வேணும்னா நகைக் கடன் போட்டுத் தரேம்மா, இன்னிக்கே" என்றேன்.

"அந்தக் காசும் அதே கணக்குலதானே தம்பி வரும்?"

எனக்குப் பதில் இல்லை. வளையலை வெளியே ஒரு சேட்டுக் கடையில் வைத்து ஃபீஸ் கட்டினார். வட்டி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயந்திரம் எங்கள் கிளைக்கு வருகிற பேனல் வக்கீலிடம் இதைச் சொன்னேன். உள்ளூர்க்காரர், எழுபது வயதைத் தொட்டவர். மின்னஞ்சலை ரெண்டு தடவை படித்தார். "இதில் முழுக் கணக்கையும் முடக்கு என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று ஹிந்தியில் கேட்டார். தேடினேன். இல்லை. "எந்தச் சட்டப் பிரிவு என்று இருக்கிறதா? எஃப்.ஐ.ஆர். நம்பர் இருக்கிறதா?" அதுவும் இல்லை.

"அப்படியானால் மேலே இருந்து வந்த ஆர்டர் என்று நீங்கள் சொன்னது யாருடைய ஆர்டர்? உங்களுடையதுதானே!" என்றவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஜபல்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்திருக்கிறீர்கள். இந்த ஊர் பெயரில் ஒரு கேஸ் இருக்கிறது, போய்ப் படியுங்கள்."

பி.காம். படித்தபோது வணிகச் சட்டம் ஒரு பேப்பர் இருந்தது. அரசியல் சட்டம் பக்கமே போனதில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். படித்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

1975 ஜூன் 25 ராத்திரி நெருக்கடி நிலை அறிவிக்கப்படுகிறது. ரெண்டு நாள் கழித்து ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று. அரசியல் சட்டத்தின் 14, 21, 22 பிரிவுகள் தரும் உரிமைகளுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. 14 என்றால் சட்டத்தின் முன் எல்லாரும் சமம். 21 என்றால் சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது. 22 என்றால் கைது செய்தால் காரணம் சொல்லணும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தணும் என்பது மாதிரியான பாதுகாப்புகள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பூட்டு.

மிசா என்றால் நம்ம ஊரில் விளக்கவே வேண்டாம். 1976 ஜனவரி 31ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிபட்டதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பின்னால் நீதிபதி எம்.எம். இஸ்மாயில் கமிஷன் அதை விசாரித்தது. அதே மிசாவில் இங்கே ஜபல்பூரில் உள்ளே போனவர்களில் ஒருவர் சிவகாந்த் சுக்லா. ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 1956ல் மத்தியப் பிரதேசம் உருவானபோது தலைநகரம் போபாலுக்குப் போனது, ஹைகோர்ட் ஜபல்பூருக்கு வந்தது. அந்த ஹைகோர்ட், மனுவை விசாரிக்கலாம் என்றது. மொத்தம் ஒன்பது ஹைகோர்ட்டுகள் அப்படிச் சொல்லின. அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அரசுத் தரப்பில் முதல் பெயர் இந்த ஊர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட். அதனால்தான் அந்த வழக்குக்கு இன்றைக்கும் ஏ.டி.எம். ஜபல்பூர் என்று பெயர். நமக்கு ஏ.டி.எம். என்றால் வேறு ஞாபகம்தான் வரும், என்ன செய்ய!

விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட கோர்ட்டில் வழி இல்லையா? நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்பதுதான் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே கொடுத்த பதில்.

1976 ஏப்ரல் 28ல் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசு பக்கம். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். உயிர், சுதந்திரம் எல்லாம் அரசியல் சட்டம் எழுதித் தந்த பிறகு வந்தவை அல்ல, சட்டத்தின் ஆட்சி நடக்கிற எந்த நாட்டிலும் சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒருவரைப் பிடித்து வைக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். 1977 ஜனவரியில், சீனியாரிட்டிப்படி அவருக்கு வந்திருக்க வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு ஜூனியரான எம்.எச். பெக்குக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார். பிரமோஷன் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு தூக்கம் தொலைக்கிற நம்ம வர்க்கத்துக்கு அதன் வலி புரியும்.

கதை அங்கே முடியவில்லை. 1978ல் 44வது திருத்தம் வந்தது. எந்த நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளுக்கான கோர்ட் கதவை மூட முடியாது என்று எழுதினார்கள். 2017 ஆகஸ்ட் 24ல், அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று தள்ளிவைத்தது. அதை எழுதிய டி.ஒய். சந்திரசூட்டின் அப்பா, 1976ல் அந்த நான்கு பேரில் ஒருவர். அப்பாவின் தீர்ப்பை மகன் திருத்த 41 வருடம்.

இதற்கும் வடைக் காசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சிறையில் அடைப்பதும் கணக்கை முடக்குவதும் ஒன்றா? இல்லைதான். ஆனால் வக்கீல் அடுத்த வாரம் வந்தபோது ஒரு விஷயம் சொன்னார். அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

அரசியல் சட்டத்தின் 12வது பிரிவு, அடிப்படை உரிமைகளைப் பொறுத்தவரை "அரசு" என்றால் யார் யார் என்று சொல்கிறது. மத்திய அரசு, மாநில அரசு, சட்டசபை, அப்புறம் "மற்ற அதிகார அமைப்புகள்". கோர்ட் தீர்ப்புகளின்படி பொதுத்துறை வங்கியும் அதில் அடக்கம். அதாவது நான்!

இத்தனை நாள் அரசாங்கம் என்றால் டெல்லியிலோ போபாலிலோ இருக்கிற ஏதோ ஒன்று, நான் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு அன்றைக்கு அரசாங்கம் என்பது என் விரல்தான். அரசு அதிகாரத்திலிருந்து குடிமகனுக்கு அரசியல் சட்டம் தருகிற பாதுகாப்பு, என் மேஜையில் ஒரு கேள்வியாக இருந்திருக்க வேண்டும். "எந்தச் சட்டப்படி? எவ்வளவு தொகைக்கு?" நான் கேட்கவில்லை. கேட்டால் வம்பு, முடக்கினால் சேஃப். அவ்வளவுதான் என் கணக்கு.

போலீஸைக் குறை சொல்ல நான் வரவில்லை. மோசடியில் பணம் இழந்தவர்கள் என் கேபினிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். 1930க்கு உடனே போன் பண்ணி, பணம் கை மாறுவதற்குள் நிறுத்தி மீட்டதும் உண்டு. சந்தேகமான சொத்தைக் கைப்பற்றப் போலீஸுக்கு அதிகாரம் இருக்கிறது. வங்கிக் கணக்கும் அதில் சேரும் என்று 1999லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 102வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 106. ஆனால் அதே பிரிவு, கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கணும் என்றும் சொல்கிறது. அதிகாரமும் கடிவாளமும் ஒரே பிரிவில்தான் இருக்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் படிக்கிறோம்.

அப்புறம் நான் ஒரு பதில் மின்னஞ்சல் போட்டேன். எஃப்.ஐ.ஆர். எண் என்ன, எந்தப் பிரிவு, எந்தத் தொகைக்கு, மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தாயிற்றா என்று மரியாதையாக நாலே கேள்வி. அம்மா கொடுத்த வடை ஆர்டர் விவரத்தையும் இணைத்தேன். மூன்று ஞாபகக் கடிதம், ஏழெட்டு போன். 23வது நாள் பதில் வந்தது: 4,200க்கு மட்டும் லீன் போட்டால் போதும். அவர்களும் அவ்வளவுதான் எதிர்பார்த்தார்களோ என்னவோ! மீதியை விடுவித்தேன். அதுவும் அரை நிமிட வேலைதான்.

வெளியூரில் இருக்கிற நம் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பாஷை சரியாக வராத ஊரில் "மேலிடத்து உத்தரவு" என்று சொன்னால் பயந்து திரும்பி வந்துவிடுவோம். வராதீர்கள். யார் கேட்டது, எந்தப் பிரிவு, எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் நகலில் சீல் வாங்குங்கள். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு ரசீதோடு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது, 226வது பிரிவின் கீழ் ஹைகோர்ட் இருக்கிறது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற என்னை மாதிரி ஆட்களுக்கும் அந்தக் கேள்வி தேவை. கேட்டால்தான் நாங்களும் ஒரு நிமிடம் நின்று யோசிப்போம்.

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்த நாலு கேள்வியையும் எழுதி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று பார்க்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாவு வாங்கப் போனேன். அம்மா பழையபடி சிரித்துத்தான் பேசினார், ஒரு கரண்டி கூடவே போட்டார். சுவரில் க்யூஆர் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து சதுரமாக ஒரு தடம்.

"புதுசு ஒண்ணு கொண்டு வந்து தரட்டுமாம்மா?" என்றேன்.

"வேணாம் தம்பி. சில்லறையா குடுத்துருங்க."

கொடுத்துவிட்டு வந்தேன்.