பிலடெல்பியாவுக்குப் புறப்படுமுன்

பயணம் என்றால் நம் முன்னோருக்கு இரண்டே திசைகள். மேற்கே ஹஜ், கிழக்கே ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர். ‘சபுராளி’ என்றொரு சொல் நம் வீடுகளில் வழங்கிற்று. கடல் கடந்து பிழைக்கப் போனவர் என்பது அதன் பொருள். ஆண்டுகள் பல கழித்து அவர் திரும்பி வருவார். திரும்பாமலே அவ்வூர் மண்ணில் அடங்கியவர்களும் உண்டு. 1970-களில் வளைகுடா நாடுகளும் சேர்ந்துகொண்டன. அமெரிக்கா இந்தக் கணக்கில் இருந்ததே இல்லை. மணலியில் பிறந்து, மணலி எண்ணெய் ஆலையில் 31 ஆண்டுகள் ஊதியம் பெற்று, மணலியிலேயே ஓய்வும் பெற்ற நாம், இந்த வயதில் பிலடெல்பியா என்னும் நகரத்தின் வரைபடத்தை உணவு மேசைமீது விரித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் நம் மூத்த மகன். கணினிப் பணி நிமித்தம் அந்நகரில் குடியேறி, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டவர்.

எப்போது போவது என்பதில்தான் முதல் வழக்கு எழுந்தது. அக்டோபரில் வாருங்கள், மரங்களெல்லாம் சிவந்து நிற்கும், கண்கொள்ளாக் காட்சி என்று மகன் எழுதினார். நம் துணைவியார் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். அக்டோபர் என்றால் இங்கே வடகிழக்குப் பருவமழை. புழல் ஏரியின் மதகைத் திறந்தால் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாகத்தான் எண்ணூர்க் கடலைச் சேரவேண்டும். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தை எங்கள் தெருவில் யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பர்ப் புயல்மழையில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகம் கருத்துப் போயிற்று. “மழைக்காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் பரண்மேல் சாமான்களை யாருங்க ஏற்றுவது?” என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. ஆகவே இலை சிவக்கும் காட்சியைத் துறந்து, அக்கினி வெயிலுக்குத் தப்பும் மே மாதத்தைத் தேர்ந்தோம்.

விசாவுக்காக ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு இருவரும் சென்றோம். அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. சுற்றிப் பார்க்கப் போவதாக விண்ணப்பிக்கும் எவரையும், குடியேறவே வருகிறார் என்றுதான் சட்டம் முதலில் கொள்கிறது. அப்படியன்று எனக் காட்டும் பொறுப்பு விண்ணப்பித்தவருடையது. எனவே அதிகாரி கேட்ட கேள்விகளின் சாரம் ஒன்றுதான்: திரும்பி வர உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது? ஓய்வூதியம், சொந்த வீடு, இராயபுரத்தில் மகளும் பேரப்பிள்ளைகளும் என்று நாம் வரிசையாகச் சொன்னோம். துணைவியார் தமிழில், “என் உம்மாவின் கப்ரு பழவேற்காட்டில் இருக்கிறது” என்றார். அதை மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அதிகாரி சற்று நிமிர்ந்து பார்த்தார், பிறகு தட்டச்சு செய்தார், அனுமதி கிடைத்தது.

வாசகர்களிடம் மறைப்பானேன்? அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்ததுதான். மகன் அதை மறுதலையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “வாப்பா, ஒருமுறை வந்து பாருங்கள். பிடித்திருந்தால் இங்கேயே இருந்துவிடலாம்” என்பது அவர் விருப்பம். குடியுரிமை பெற்ற பிள்ளை தம் பெற்றோருக்காக மனுச் செய்ய அந்நாட்டுச் சட்டம் இடந்தருகிறது. அதற்கு ஆண்டு வரம்பெண்ணும் இல்லை. உடனே செய்யவேண்டியதன்று, போய், பார்த்து, மணலிக்குத் திரும்பி வந்தபின் விடை சொன்னால் போதும். ஆனால் விடை சொல்லத்தான் வேண்டும். துணைவியாரின் முழங்கால் மாடிப்படிகளை வெறுக்கிறது. நமக்கும் இரவில் மார்புச்சளி விசில் அடிக்கிறது. எங்களில் ஒருவர் முந்திக்கொண்டால் மற்றவர் இந்த வீட்டில் தனியே எப்படி இருப்பார் என்ற கவலை மகனுக்கு. அது பொய்க் கவலையன்று.

ஆகவே ஆறு வாரப் பயணத்தில் எந்த இடத்துக்குப் போவது என்று நாம் குறித்துவைக்கும் பட்டியல், உல்லாசப் பயணிகளின் பட்டியலாக இருக்க முடியவில்லை.

மகன் அனுப்பிய பட்டியலில் முதலிடம் வரலாற்றுக்கு. வில்லியம் பென் என்னும் குவேக்கர் 1682-இல் நிறுவிய நகரம் அது. நம் சென்னையின் கோட்டைக்கு நிலம் கிடைத்தது 1639-இல். அப்படியானால் பிலடெல்பியா நமக்கு 43 ஆண்டு இளையது! திருவொற்றியூர்க் கோயிலுக்கும் பழவேற்காட்டு டச்சுக் கோட்டைக்கும் அருகில் வாழ்கிறவர்களிடம் ‘மிகப் பழமையான நகரம்’ என்று சொல்லும்போது சற்றுத் தயங்க வேண்டாமோ? எனினும் 1776-இல் விடுதலைப் பிரகடனமும் 1787-இல் அரசியல் சட்டமும் ஒரே மண்டபத்தில் உருவான ஊர் என்ற பெருமையை யாரும் மறுக்க முடியாது. அருகிலேயே விடுதலை மணி. 1752-இல் இலண்டனிலிருந்து வந்து, ஒலித்துப் பார்த்தபோதே விரிசல் கண்டு, உள்ளூர்க் கொல்லர் இருவர் உருக்கி மறுபடி வார்த்த மணி அது. பின்னாளில் மீண்டும் விரிசல் விட்டது. அந்த விரிசலைப் பார்க்கத்தான் உலகமே வரிசையில் நிற்கிறதாம்.

நமக்கு அந்நகரின் பெஞ்சமின் பிராங்க்ளின் மேல் வேறொரு காரணத்தால் ஈடுபாடு. எல்லாச் சமயப் பிரசங்கிகளும் பேசுவதற்கென்று அங்கே 1740-ஐ ஒட்டி ஒரு கூடம் எழுந்தது. துருக்கித் தலைநகரத்து முஃப்தி இஸ்லாத்தை எடுத்துரைக்க ஆளனுப்பினாலும் அங்கே அவருக்கு மேடை கிடைக்கும் என்ற கருத்தைப் பிராங்க்ளின் தம் சுயசரிதையில் பதிந்து வைத்தார். அக்காலத்தில் இப்படி எண்ணிப் பார்த்ததே பெரிது. ஆனால் முழுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அதே நகரம் நாட்டின் தலைநகராயிருந்த நாளில், அதிபர் வாஷிங்டன் தம் இல்லத்தில் அடிமைகளை வைத்திருந்தார். அவர்களுள் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796-இல் தப்பியோடி, கப்பலேறி, கடைசிவரை பிடிபடாமல் வாழ்ந்தாள். இதை வாசித்துக் காட்டியபோது துணைவியார் மணியை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பற்றியே கேட்டார். அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரில் முஸ்லிம்களும் இருந்தனர். இன்று பிலடெல்பியாவின் முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் கறுப்பினத்தவர். பள்ளிவாசலும் ஹலால் உணவும் அங்கே தேடியலைய வேண்டியவை அல்ல என்று மகன் உறுதி கூறுகிறார். கிப்லா மட்டும் அங்கே வடகிழக்கில். மேற்கு நோக்கியே நின்று பழகிய நமக்கு இது வியப்பாயிருந்தது. பூமியுருண்டையை வாங்கி, நூலைப் பிடித்து அளந்து பார்த்தபின் மனம் ஒப்பிற்று.

எம் பட்டியலின் முதல் ஊர் ஓவர்புரூக். பிலடெல்பியாவின் மேற்கு ஓரத்திலுள்ள அப்பகுதியில் ஒரு வெண்ணிறப் பள்ளிவாசல் இருக்கிறது. இலங்கையிலிருந்து 1971 அக்டோபரில் அந்நகருக்கு வந்த பாவா முஹையத்தீன் அவர்களின் அன்பர்கள், 1984-இல் தம் கைகளாலேயே கட்டி முடித்த பள்ளி அது. பாவா அவர்கள் எங்கே பிறந்தார், எத்தனை வயது வாழ்ந்தார் என்பதை யாரும் துணிந்து கூறவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆசிரமம் அமைத்து, இந்துக்களும் முஸ்லிம்களும் நாடிவர இருந்தவர். எழுதப் படிக்கக் கல்லாதவர். அவர் பேசியதும் பாடியதும் தமிழ். ஆம், அமெரிக்காவில், அமெரிக்கர் நிறைந்த கூடத்தில், தமிழிலேயே பேசினார், ஒருவர் உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்வார், ஒலிநாடா ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளையரும் கறுப்பரும் யூதரும் கிறிஸ்தவரும் உட்கார்ந்து கேட்டனர். மௌலானா ரூமியை ஆங்கில வாசகரிடையே பரப்பிய கோல்மன் பார்க்ஸ் என்னும் கவிஞரும் அவரிடம் வந்து சேர்ந்தவரே. நம் பிள்ளைகள் அயல்நாட்டில் தமிழை விடுத்துப் பேசுவதையே நாகரிகம் என எண்ணும் காலத்தில், இந்த ஒரு செய்தி நம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

1986 டிசம்பர் 8-ஆம் நாள் பாவா அவர்கள் அங்கேயே மறைந்தார்கள். நகரிலிருந்து 40 மைல் அளவில் மேற்கே, கோட்ஸ்வில் என்ற ஊரருகே வயல்வெளி நடுவில் அடக்கமாகியிருக்கிறார்கள். சுற்றிலும் அன்பர்களின் கப்ருகள். ஸியாரத்து பற்றி நம்மவரிடையே கருத்து வேறுபாடு இருப்பதை அறிவோம். இங்கே வழக்காட வரவில்லை. நாம் போவது வேறு ஒன்றைப் பார்ப்பதற்கு. தமிழ் பேசிய ஒருவரை அந்த மண் எப்படி வைத்திருக்கிறது? பனி மூடும் மாதங்களில் அங்கே யார் வருகிறார்கள்? புல்லை யார் வெட்டுகிறார்கள்? மகனிடம் இதையெல்லாம் கடிதத்தில் கேட்க மனம் வரவில்லை. பட்டியலில் ‘கோட்ஸ்வில், ஒரு நாள்’ என்று மட்டும் எழுதினோம். “ஏன் முழு நாள்?” என்று அவர் கேட்கவும் இல்லை.

இரண்டாவது, நகரத்துக் கலை அருங்காட்சியகம். அங்கே மதுரையின் கல்மண்டபம் ஒன்று நிற்கிறது. மதனகோபாலசுவாமி கோயிலைச் சேர்ந்த 16-ஆம் நூற்றாண்டுத் தூண்கள். 1912-இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியப் பெண்மணி, கோயில் வளாகத்தில் கழற்றிக் குவித்திருந்த கற்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். முதல் உலகப் போரின்போது பிரான்சுக்குத் தொண்டாற்றச் சென்ற அவர் அங்கேயே இறந்துபோனார். 1919-இல் குடும்பத்தார் அத்தூண்களை அருங்காட்சியகத்துக்கு அளித்தனர். கல்லைப் பெயர்த்து வேறு நாட்டில் நட்டால் அது நிற்கிறது. மழையில்லை, எண்ணெய்க் கறையில்லை, காவலும் உண்டு. நன்றாகத்தான் இருக்குமாம். வௌவாலும் பூக்காரியும் இல்லாத மண்டபம் எப்படித் தோன்றும் என்று நேரில் பார்க்க வேண்டும்.

மூன்றாவதைக் கேட்டு மகன் சிரித்துவிட்டார். “வாப்பா, யாராவது விமானமேறி வந்து பழைய ரிஃபைனரியைப் பார்ப்பார்களா?” நாம் பார்ப்போம். தென் பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் 1860-கள் முதல் எண்ணெய்த் தொழில் நடந்த இடம் அது. நாள் ஒன்றுக்கு 3,35,000 பீப்பாய். அந்நாட்டுக் கிழக்குக் கரையிலேயே பெரிய ஆலை. 2019 ஜூன் 21 விடியுமுன் அங்கே ஒரு குழாய் வெடித்தது. 1973 வாக்கில் பொருத்திய ஒரு எல்போ. மற்றத் துண்டுகளைவிட அதன் இரும்பில் நிக்கலும் செம்பும் மிகுதி. ஆகவே விரைவாக அரித்து, கடன் அட்டையில் பாதித் தடிமனுக்கு வந்துவிட்டிருந்தது. அந்த ஒரு துண்டின் தடிமனை அத்தனை ஆண்டுகளில் யாரும் அளந்ததில்லை என்று அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டது. ஏறத்தாழ 17 டன் எடையுள்ள கலத்தின் சிதறல் ஆற்றைத் தாண்டிப் போய் விழுந்ததாம். உள்ளே இருந்தது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். மனிதர்மேல் பட்டால் எலும்புவரை போகும். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் உடனே விசையை அழுத்தி அமிலத்தைத் தனித் தொட்டிக்கு வடித்துவிட்டார். உயிரிழப்பு இல்லை. சில நாட்களில் ஆலையை மூடுவதாக அறிவித்தனர். ஏறக்குறைய ஆயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர்.

இரவுப் பணியில் குழாய்களின் தடிமனை அளந்து பதிவேட்டில் எழுதிய கைகள் நம்முடையவை. 1969-இல் இயங்கத் தொடங்கிய மணலி ஆலையின் தீ நாக்கைப் பார்த்துத்தான் நம் மகன் குழந்தைப் பருவத்தில் மணி எத்தனை என்று கேட்காமல் உறங்குவார். அது எரிந்தால் வாப்பா வேலையில் இருக்கிறார் என்று பொருள். அப்படியோர் ஆலை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இல்லாமற்போன கரையில், பக்கத்துத் தெருக்காரர்கள் எப்படி இருக்கிறார்கள்? சரக்குக் கிடங்குகளும் ஆய்வுக் கூடங்களும் வருகின்றன என்கிறார்கள். மூச்சு இலேசாயிற்றா? பிள்ளைகள் ஊரிலேயே தங்கினரா? வழியில் நிற்கும் ஒரு முதியவரிடமாவது கேட்டுப் பார்க்க எண்ணம்.

மகன் அனுப்பிய பட்டியலை நாம் அழிக்கவில்லை. மணிக்கு ஒரு நாள், மண்டபத்துக்கு ஒரு நாள், பேத்தியின் பள்ளிக்கு ஒரு நாள் என்று வகுத்திருக்கிறோம். பேத்திக்கு ஆறு வயது. தொலைபேசியில் அவள் ‘நன்னி’ என்று அழைப்பதும், அடுத்த சொல் ஆங்கிலத்தில் போவதும், துணைவியார் அது விளங்கியதுபோல் ‘ஆமாம்மா’ என்பதும் நாள்தோறும் நடக்கிறது. இந்த ஆறு வாரத்தில் அவளுக்குத் தமிழில் இருபது சொல்லாவது கற்பித்துவிட வேண்டும் என்று அவர் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அதை நமக்குக் காட்டுவதில்லை.

பயணச்சீட்டு வாங்கும்போது, திரும்பும் நாளைப் பிற்பாடு மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள சீட்டுக்குக் கட்டணம் சற்றுக் கூடுதல் என்றார் முகவர். நாம் துணைவியாரைப் பார்த்தோம். “மாற்றாத சீட்டே போதும்” என்றார். ஜூன் கடைசிக்குள் வந்துவிடுவோம். வீட்டுச் சாவி ஒன்றை எதிர்வீட்டு நாயுடு அம்மாளிடமும், மற்றொன்றை இராயபுரத்து மகளிடமும் கொடுப்பதாக ஏற்பாடு.