முத்திரைச் செலவும் முன்னறியும் உரிமையும்

ஒரு பண்டத்தின் விலையை வாங்குமுன்னரே அறிந்துகொள்ளும் உரிமை எவருக்கும் உண்டு என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. கடைக்காரர் ஆளுக்கொரு விலை சொன்னால் நாம் தர்க்கிக்கிறோம். பஸ் நடத்துநர் ஒரே தூரத்துக்கு இருவரிடம் இருவேறு கட்டணம் வாங்கினால் பஸ் முழுவதுமே வாய் திறக்கிறது. ஆனால், தபாற் கந்தோரின் சாளரத்தில் ஒரே நிறையுள்ள, ஒரே வகையான உறைக்கு வெவ்வேறு கட்டணங்கள் கேட்கப்படும்போது நாம் மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். தொகை சிறியது என்பது ஒரு காரணம். அரச சேவையின் கணக்குப் பிசகாது என்ற பழைய நம்பிக்கை மற்றொரு காரணம். இவ்விரண்டும் எவ்வளவு தூரம் சரியானவை என்பதை எமது அனுபவம் ஒன்றைக் கொண்டு ஆராய விரும்புகிறோம்.

நாம் இப்பொழுது வடபகுதியில் ஒரு பாடசாலையிலே தமிழ் கற்பிக்கிறோம். அதற்கு முன்னர் சில ஆண்டுகள் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவேயிருந்த ஒரு பாடசாலையிற் கற்பித்தோம். 2020இல் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நகரத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தவாறே கைத்தொலைபேசி வழியாகப் பாடங் கேட்டனர். தோட்டத்துப் பிள்ளைகளிற் பலருக்குத் தொலைபேசி இல்லை. இருந்தவர்களும் தொடர்பு கிடைக்கும் இடந்தேடிக் குன்றுகளில் ஏற வேண்டியிருந்தது. அந்நாட்களிலே தொடங்கிய வழக்கம் ஒன்று இன்றும் எம்மிடம் நீடிக்கிறது. உயர்தர வகுப்புத் தமிழ்ப் பாடத்துக்குரிய விளக்கங்களைக் குரலிற் பதிந்து, ஒரு பென் டிரைவில் இட்டு, சிறு குறிப்புப் புத்தகம் ஒன்றையும் சேர்த்து, அப்பாடசாலை மாணவர் எண்மருக்குத் தபாலில் அனுப்பி வருகிறோம். பாடசாலைக் கணினியிலோ வீட்டு வானொலிப் பெட்டியிலோ செருகி அதனைக் கேட்கலாம்.

பென் டிரைவ் நசுங்கிவிடக் கூடாதல்லவா? அதற்காக, உள்ளே குமிழித்தாள் ஒட்டிய சிறிய உறைகளை வாங்கினோம். வெற்றுறையின் நிறை 12 கிராம். எல்லாவற்றையும் இட்டு ஒட்டியபின் 64 கிராம். பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடத்துத் தராசில் எட்டு உறைகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தோம். எட்டும் ஒரே நிறை.

2023இல் ஒருமுறை இவ்வெட்டையும் ஒரே நாளில் அனுப்ப வசதிப்படாமையால் மூன்று தபாற் கந்தோர்களிற் கொடுக்க நேர்ந்தது. முதலாவது கந்தோரில் உறையைத் தராசில் வைத்து, கடிதம் என்று கணக்கிட்டு, முத்திரை தந்தார்கள். இரண்டாவது கந்தோரின் அலுவலர் உறையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். “இது கடிதமில்லை மாஸ்டர், சாமான். பொதிக்குரிய காசு கட்டவேணும்” என்றார். மூன்றாவது கந்தோரிலே கடிதம் என்றுதான் ஏற்றார்கள். ஆனால் அங்கிருந்த பழைய தராசின் முள் எமது ஆய்வுகூடத்துத் தராசோடு உடன்படவில்லை. நிறையில் அடுத்த படிக்குரிய கட்டணத்தைச் செலுத்தினோம். மூன்று கட்டணங்களிலும் குறைந்ததற்கும் கூடியதற்கும் இடையே ஏறக்குறைய இருமடங்கு வேறுபாடு இருந்தது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். இரண்டு வாரங்களின் பின்னர் மாணவி ஒருத்தியின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். “சேர், நீங்க அனுப்பின கவர் கெடைச்சிருச்சுங்க. காசு கொறையுதுன்னு சொன்னாங்க, கட்டித்தான் எடுத்தோம். பரவாயில்லைங்க, புள்ள படிக்கிறா” என்றார். அவ்வுறை முதலாவது கந்தோரிற் கொடுக்கப்பட்டது. அங்கே கடிதம் எனப்பட்டது போய்ச் சேர்ந்த இடத்திலே பொதி எனப்பட்டிருக்கிறது. குறைந்த கட்டணத்தைச் செலுத்தி உறையைப் பெறுவதற்காக, கொழுந்து பறிக்கும் அத்தாயார் வேலையை இடையில் விட்டுக் கடைவீதிக்கு நடந்திருக்கிறார். அன்று அவருக்கு அரைப் பேர்தான் போடப்பட்டது. அரைநாட் கூலி என்பதைத் தோட்டத்தில் அவ்வாறுதான் சொல்வார்கள். நாட்கூலி 1,000 ரூபாவாவதற்கு 2021வரை போராட வேண்டியிருந்த மக்களுக்கு அரைப் பேர் என்பது என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

அனுப்புபவர் அறியாத கட்டணம், பெறுபவர் தலையில் விழும் சுமை, அலுவலரின் கண்ணும் கையும் தீர்மானிக்கும் விலை: இம்மூன்றும் புதியனவல்ல. 1840க்கு முன்னர் இங்கிலாந்தின் தபாற் சேவை நடந்த விதமே இதுதான். அக்காலத்திற் கடிதத்தின் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்திருந்தது. இரண்டு தாள்கள் என்றால் இருமடங்கு. உறையும் ஒரு தாளாகவே எண்ணப்பட்டதால் மக்கள் உறையே இடாமல் தாளை மடித்து மெழுகால் ஒட்டி அனுப்பினர். உள்ளே எத்தனை தாள்கள் உள்ளன என்பதை அறியத் தபால் அலுவலர்கள் கடிதத்தை மெழுகுதிரி வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தனர். பெரும்பாலும் பெறுபவரே பணங் கொடுத்தார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாட் கடிதத்துக்கு ஒரு சிலிங்குக்கு மேற் செலவாயிற்று. பிரபுக்களும் பாராளுமன்ற உறுப்பினர்களுமோ தமது கையொப்பத்தைக் கொண்டே இலவசமாகக் கடிதம் அனுப்பினர். விலை கொடுக்க வல்லவனுக்கு இலவசம், வல்லமையற்றவனுக்கு விலை!

இந்த ஏற்பாட்டை எதிர்த்து எழுதியவர் ரோலண்ட் ஹில். அவர் தபால் அதிகாரியல்லர். பேர்மிங்காமில் ஆசிரியராக இருந்தவர். 1837இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் ஓர் எளிய கணக்கைப் போட்டுக் காட்டினார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டு செல்வதற்கு உண்மையில் ஆகும் செலவு ஒரு பென்னியின் 36இல் ஒரு பங்குதான் என்றார். அங்ஙனமாயின் ஒரு சிலிங்கு எங்கே போயிற்று? அதிற் பெரும் பகுதி அரசின் வருவாயாகப் போக, தூரங்களைக் கணக்கிடவும், தாள்களை எண்ணவும், வீடு வீடாகப் பணத்தைத் தண்டவும் மேலும் ஒரு பகுதி செலவாயிற்று. ஆதலால் தூரத்தைப் பாராமல், தாளை எண்ணாமல், நிறையை மட்டும் கொண்டு ஒரே கட்டணம் விதித்து, அதனை முன்னதாகவே முத்திரையாகப் பெற வேண்டும் என்பது அவரது முடிவு. 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்சுக் கடிதத்துக்கு நாடெங்கும் ஒரு பென்னி என்றாயிற்று. அன்றைய தினமே பாராளுமன்ற உறுப்பினர்களின் இலவசச் சலுகையும் ஒழிந்தது. 1839இல் ஏறக்குறைய 7 கோடி 60 இலட்சமாயிருந்த கடிதங்கள் 1840இல் ஏறக்குறைய 17 கோடியாயின. கட்டணம் குறைந்தது இதற்குப் பெருங் காரணம். அதனோடு, கூலியாளும் தன் வீட்டிலிருந்தவாறே கட்டணத்தை அறிந்து கடிதம் எழுதலாம் என்ற நிலை வந்தமையும் காரணமாகும்.

இலங்கையின் முதலாவது முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளிவந்தது. இங்கிலாந்துக்குச் செல்லும் அரை அவுன்சுக் கடிதத்துக்குரிய ஆறு பென்ஸ் முத்திரை அது. குடியேற்ற ஆட்சியின் தேவைக்காகப் பிறந்த சேவைதான் எனினும், கட்டணம் முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்ற நியதி அதனோடு இங்கும் வந்து சேர்ந்தது.

அந்த நியதியைக் குமிழித்தாள் உறை எவ்வாறு குழப்புகிறது? நிறை ஒன்றே அளவுகோலாக இருந்த காலம் போய்விட்டது. கடிதங்களைப் பொறிகள் வேகமாகப் பிரிக்கும் நாடுகளில் மெல்லிய தாளுறை தடையின்றி ஓடும். தடித்த உறை பொறியிற் சிக்கும். எனவே அந்நாடுகள் நிறையோடு வடிவத்தையும் விலைக்கு அளவாக்கின. பிரித்தானியாவில் 2006 ஆகஸ்டிலும் ஐக்கிய அமெரிக்காவில் 2007 மே மாதத்திலும் இம்முறை வந்தது. பிரித்தானியாவில் 5 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த உறை சாதாரண கடிதமன்று. 25 மில்லிமீற்றரையும் தாண்டினால் அது பொதி. ஐக்கிய அமெரிக்காவிலோ பெரிய உறை வளையக் கூடியதாகவும் எங்கும் ஏறக்குறைய ஒரே தடிப்புள்ளதாகவும் இருத்தல் வேண்டும். நடுவே புடைத்திருந்தால் பொதியின் கட்டணம். அகில உலகத் தபால் ஒன்றியமும் 2018 ஜனவரி முதல், நாடுகளிடையே செல்லும் கடித வகையில், எழுத்தாவணங்களையும் சாமான்களையும் வெவ்வேறாகப் பிரித்தது. இவற்றிற்கு நியாயமுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் காற்றடைத்த உறைக்கு நிலையான தடிப்பு ஏது? அழுத்தினால் ஒடுங்கும், விட்டால் விரியும். காலையிற் கடிதமாயிருந்தது மூடையில் மற்றொரு பொருளோடு நெருக்குண்டு மாலையிற் பொதியாகலாம். இந்த ஐயத்தைத் தீர்க்கப் பிரித்தானியத் தபாற் கந்தோர்களில் வரையறுத்த அகலமுள்ள துளைகள் வெட்டிய பலகை ஒன்றை வைத்திருக்கிறார்கள். உறை துளையினூடே சென்றால் இன்ன கட்டணம், செல்லாவிட்டால் இன்ன கட்டணம். அளவுகோல் அனைவர் கண்ணுக்கும் தெரிகிறது. நாம் சென்ற சாளரங்களிலோ பெருவிரலே அளவுகோலாயிருந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் தாள் எண்ணிய காலத்துக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எமது குற்றச்சாட்டு சாளரத்துக்கு அப்பால் இருக்கும் ஊழியர்மீதன்று. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர். நீண்ட வரிசை ஒருபுறம், பழைய தராசு மறுபுறம், ஐயம் வந்தாற் கேட்டறிய நேரமில்லாத வேலை. குறைவாக வாங்கினாற் பிழை தமது தலையில் வருமென்று ஒருவர் கூடுதலாகக் கேட்கிறார். எதிரில் நிற்பவர்மேல் இரங்கி மற்றொருவர் குறைவாகக் கேட்கிறார். இருவருமே நல்லெண்ணம் உடையவர்களாக இருக்கலாம். விதி தெளிவற்றிருக்கும் இடத்தில் நல்லெண்ணமுங் கூட அநீதியாக முடிகிறது என்பதற்கு அத்தாயாரின் அரைப் பேரே சான்று.

இவ்வநீதி எல்லோரையும் ஒரேயளவில் தாக்குவதுமில்லை. ஆயிரக்கணக்கில் உறைகளை அனுப்பும் நிறுவனத்துக்குக் கணக்காளர் உண்டு. வேண்டுமாயின் அது தனியார் கூரியர் சேவையை நாடும். ஓர் உறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவருக்கு வேறு வழியில்லை. வெளிநாட்டு மகனுக்கு மூக்குக் கண்ணாடி அனுப்பும் முதியவரும், விண்ணப்பப் பத்திரங்களை அனுப்பும் மாணவனும் கைப்பணத்தை எண்ணி வைத்துக்கொண்டே வருகின்றனர். சாதாரண கடிதத்தின் மிகக் குறைந்த கட்டணம் 2022 ஆகஸ்ட் 15இல் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தபின், ஒரு படி தவறுவதன் விலையும் உயர்ந்துவிட்டது. முன்பு சில்லறையாயிருந்த வேறுபாடு இன்று ஒரு குடும்பத்தின் பாண் விலையை நெருங்குகிறது.

என்ன செய்ய வேண்டும்? பெரிய சீர்திருத்தம் எதனையும் நாம் கேட்கவில்லை. குமிழித்தாள் உறையை எப்போது கடிதமென்றும் எப்போது பொதியென்றும் கொள்வது என ஒரே வாக்கியத்தில் விதி வேண்டும். அந்த விதியும் கட்டண அட்டவணையும் மூன்று மொழிகளிலும் சாளரத்துக்கு வெளியே, நிற்பவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் தொங்க வேண்டும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தாற் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆதலின் இது சலுகையன்று. தராசின் முகம் ஊழியரை மட்டுமன்றி மக்களையும் நோக்கியிருக்க வேண்டும். ஒரு கந்தோர் ஏற்று முத்திரையிட்ட உறைக்கு மற்றொரு கந்தோர் பெறுபவரிடம் பணங் கேட்கலாகாது. பிழை கந்தோருடையதாயின் அதன் செலவும் கந்தோருடையதே.

எமது பாடசாலையில் ஒரு சிறு முயற்சி செய்தோம். அயலிலுள்ள தபாற் கந்தோர் ஒன்றின் தபாலதிபர் இசைவோடு அங்கிருந்த கட்டண அட்டவணையை மாணவர்கள் பார்த்தெழுதினர். கணித ஆசிரியர் அதனைக் கொண்டே படிமுறைக் கட்டணம் என்ற பாடத்தை நடத்தினார். பிள்ளைகள் வீட்டிலிருந்து உறைகளைக் கொண்டுவந்து நிறுத்துக் கணக்கிட்டனர். பெரிய எழுத்தில் எழுதிய ஒரு பிரதியைத் தபாலதிபர் மகிழ்ச்சியோடு வாங்கிச் சாளரத்தருகே ஒட்டினார். குமிழித்தாள் உறைக்கு மட்டும் அவராலும் உறுதியான விடை கூற முடியவில்லை. அதனை எழுத்திற் கேட்கலாம் என்று மாணவர்களே சொன்னார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரசைக்கும் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. விண்ணப்பத்தை நாம் எழுதி அனுப்பியிருக்கிறோம்.

நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, முத்திரைச் செலவைப் பற்றிப் பேசுவதா என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். பெரிய அநீதிகளைப் பற்றிப் பேசுவோர் நம்மிடையே இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். ஆயினும் சாதாரண மனிதன் அரசைச் சந்திக்கும் இடம் பாராளுமன்றமன்று, இத்தகைய சாளரமே. அங்கே கேட்ட தொகையைக் கேள்வியின்றிக் கொடுக்கப் பழகியவன் வேறெங்கும் கேள்வி கேட்கத் தயங்குவான். ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் அடுத்த முறை தபாற் கந்தோருக்குச் செல்லும்போது கட்டண அட்டவணையைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லையாயின், வைக்கும்படி எழுத்திற் கேளுங்கள்.