கையறிவும் கடதாசியும்

பழைய பிக்கப் ஒன்றின் முன்விளக்கு அணைந்துபோனமையால் எமது அறியாமை ஒன்று வெளிச்சத்திற்கு வந்தது.

வாகனம் எமது தமையனாருடையது. வெங்காயமும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் சுன்னாகம் சந்தைக்குச் செல்லும் டீசல் வண்டி. 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது புதியது வாங்கும் எண்ணத்தை அவர் கைவிட்டார். 2025 இல் தடை நீங்கியபோது விலை அவர் கைக்கு எட்டவில்லை. இடையில், 2022 இல், எரிபொருள் இன்றி அவ்வண்டி கொட்டிலிற் கிடந்த வாரங்களில் எலிகள் வயர்களைச் சுவைபார்த்திருந்தன. அன்று தொட்டு ஒரு விளக்கு எரிந்தால் மற்றையது மங்கும்.

சென்ற மாரியில் ஒரு விடுமுறை நாளன்று நாமே இதனைத் திருத்திவிடலாம் எனத் துணிந்தோம். மின்சுற்று என்பது சாதாரணதர வகுப்பில் நாமும் படித்ததுதானே! வலப்புற விளக்கின் பின்னாலிருந்த கொனெக்ரரை வயரோடு சேர்த்துப் பிடித்து இழுத்தோம். வயர் மட்டும் கையோடு வந்தது. மறுநாள் சந்தி கடந்து கராச்சுக்குச் செல்ல நேர்ந்தது.

அங்கே வயரிங் வேலை செய்பவன் எம்மிடம் படித்தவன். அறுந்த முனையைப் பார்த்ததும் சிரித்தான்.

"வயரைப் பிடிச்சு இழுத்துப்போட்டியள் சேர். இந்த நாக்கை அமத்தியெல்லோ கழட்டவேணும்."

நாக்கு என்று அவன் காட்டியது, கொனெக்ரரின் இரு பாதிகளையும் பூட்டிவைத்திருக்கும் சிறிய பிளாஸ்ரிக் பட்டை. அதை நாம் கண்டதேயில்லை.

எரிந்துகொண்டிருந்த இடப்புற விளக்கின் கொனெக்ரரை அவன் முதலிற் சோதித்தான். மீற்றரின் இரு ஊசிகளையும் அதன் இரு பக்கத்திலும் வைத்தான், 0.8 வோல்ற்று காட்டியது. "இடையில தின்னுது" என்றான். தடை என்ற சொல்லை அவன் பயன்படுத்தவில்லை. வீடு திரும்பிய பின்னரே நாம் கணக்குப் பார்த்தோம். 60 வாற்று மின்குமிழுக்கு 12 வோல்ற்றில் 5 அம்பியர் ஓடும். யாரோ முன்னர் 100 வாற்று மின்குமிழ்களை மாட்டியிருந்தமையால் 8 அம்பியருக்கு மேல் ஓடியிருக்கிறது. தொடுமுனையில் ஓர் ஓமின் பத்திலொரு பங்கு தடை இருந்தாலும், முன்னையதில் இரண்டரை வாற்று வெப்பம்; பின்னையதில் ஏறத்தாழ ஏழு. வலப்புறத்துப் பிளாஸ்ரிக் உருகியிருந்ததன் காரணம் அதுவே. நன்னூற் புணரியலை ஆண்டுதோறும் கற்பிக்கும் எமக்கு, இரண்டு சேரும் இடத்திலேதான் விகாரம் நிகழும் என்பது புதிதாயிருந்திருக்கக் கூடாது.

பின்னர் பற்றறியின் மறைமுனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினான். அறுந்த இடத்திலேயே ஒட்டுப்போடுவான் என எதிர்பார்த்தோம். அவனோ மேலுறையைச் சீவி, கம்பியைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டு பின்னோக்கிப் போனான். உள்ளே கம்பி கறுத்திருந்தது. சில இடங்களிற் பச்சைக் களிம்பு. மினுங்கும் செம்பு தெரியும்வரை அவன் நிறுத்தவில்லை. உடைந்த வான் ஒன்றிலிருந்து வாலோடு வெட்டி வைத்திருந்த கொனெக்ரரை எடுத்தான். அதன் மூன்று வயர்களையும் ஒரே இடத்தில் இணைக்காது படிப்படியாக விலக்கி இணைத்தான். அன்றேல் கட்டு அவ்விடத்திற் புடைத்துவிடுமாம். ஈயம் பற்றவைத்தால் என்ன எனக் கேட்டோம். ஈயம் இழைகளுக்குள் ஏறிக் கம்பியை விறைக்கச் செய்யும், வண்டி குலுங்கக் குலுங்க அந்த விளிம்பில் முறியும் என்றான். குறட்டால் நசுக்கிய ஒவ்வோர் இணைப்பையும் இழுத்துப் பார்த்த பின்னரே, சூட்டிற் சுருங்கும் குழாயை அதன்மேல் ஏற்றினான்.

இடப்புறத்தில் உறை நன்றாயிருந்தது; முனைகளே கருகியிருந்தன. குடைக்கம்பியை அராவித் தானே செய்த ஊசியால் உள்ளிருந்த கொளுவியை நெம்பி, ஒவ்வொன்றாகக் கழற்றினான். புதிய முனைக்கு இரண்டு சோடிச் சிறகுகள்: ஒன்று செம்பைப் பற்றும், மற்றையது மேலுறையைப் பற்றும். இரண்டையும் தனித்தனியே நசுக்கினான். 60 வாற்று மின்குமிழ்களை மாட்டி மீண்டும் அளந்தபோது 0.05 வோல்ற்றும் இல்லை.

இவனுடைய ஒன்பதாந்தர அறிக்கையில் "கவனக்குறைவு" என்று எழுதியது எமது கையே. அவனுக்கு அது நினைவிருக்கிறதா என்று கேட்கும் துணிவு எமக்கு வரவில்லை.

காசை வாங்கிக்கொண்டு, சற்றுத் தயங்கி, விண்ணப்பப் படிவம் ஒன்றை நீட்டினான். படித்துப் பெறாத திறமையையும் சோதித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இந்நாட்டில் உண்டு. வேலை செய்தமைக்கு அத்தாட்சியாக முதலாளியின் கடிதம் தேவை என அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகளாக அவன் அங்கே நாட்சம்பளத்துக்கு நிற்கிறான். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இல் வந்தது. தொழிலாளி எட்டு வீதமும் முதலாளி பன்னிரண்டு வீதமும் செலுத்துதல் வேண்டும். இவன் பெயரில் ஒரு சதமும் இல்லை.

கடிதத்தை நாமே எழுதி முதலாளியிடம் கொண்டுசென்றோம். அவர் கொடியவர் அல்லர். தகரக் கூரையின்கீழ்க் கடனோடு காலந்தள்ளுபவர். இருமுறை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஒன்பது வருஷம் எண்டு எழுதாதேங்கோ மாஸ்ரர். பிறகு எல்லாத்துக்கும் நான்தான் கட்டவேண்டிவரும். போன வருஷத்திலயிருந்து எண்டு மாத்துங்கோ, இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

பக்கத்தில் அவன் ஒரு வானின் அடியிற் படுத்திருந்தான். குறட்டின் சத்தம் நின்றது. சிறிது நேரம் சென்று, "மாத்துங்கோ சேர், பரவாயில்லை" என்ற குரல் மட்டும் வந்தது.

கடிதம் எமது மேசையிற் கிடக்கிறது. விண்ணப்ப முடிவுநாளுக்கு இன்னும் பதினொரு நாள். ஒன்பது என்னும் சொல்லை நாம் இன்னும் வெட்டவில்லை.