குளிருக்கு வந்தவர்கள்

டிசம்பர் பிறந்ததும் டாலிகஞ்ச் சந்துகளில் முதலில் கேட்பது ஒரு நாணின் அதிர்வு. 'டுங்... டுங்...' என்று ஒற்றை நரம்பைச் சுண்டியபடி, வில் போன்ற ஒரு கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருகிறார் துனுரி. பஞ்சு அடிப்பவர். மாடியிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டால் போதும். போன வருடத்து ரஜாயைப் பிரித்து, கட்டிதட்டிப்போன பஞ்சை மொட்டைமாடியில் கொட்டி, வில்லால் அடித்துப் பொங்கவைத்து, மறுபடி உறையில் திணித்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். குளிர் போனால் அவரும் போய்விடுவார்.

அவருக்குப் பின்னாலேயே காஷ்மீரி சால்வைக்காரர் வருகிறார். சைக்கிளின் பின்னால் கட்டிய பெரிய மூட்டை, கையில் ஒரு கணக்கு நோட்டு. சில வீடுகளுக்கு இவருடைய அப்பாவும் வந்திருப்பார். நடுக்கூடத்தில் மூட்டை அவிழும். சால்வை இன்று, பணம் தவணையில். நவம்பரில் வந்து பிப்ரவரி வாக்கில் ஊர் திரும்பும்வரை இந்த நோட்டுதான் அவருடைய கடை, வங்கி எல்லாம்.

இப்படிக் குளிருக்காக வருகிறவர்களில் தமிழர்களும் உண்டு. மகனோ மகளோ கொல்கத்தாவில் வேலையில் இருக்க, சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஹவுரா மெயில் பிடித்து இரண்டு மாதம் தங்கிப்போக வரும் ஓய்வுபெற்ற பெற்றோர்கள். கொல்கத்தாவின் கோடை சென்னைக்குச் சளைத்ததல்ல. மழைக்காலம் அதைவிட மோசம். அதனால் டிசம்பர், ஜனவரிதான் அவர்கள் கணக்கு. அலிப்பூர் வானிலை நிலையம் அதிகாலையில் 13, 14 டிகிரி என்று சொல்லும். டெல்லிக்காரர் சிரிப்பார். ஆனால் வங்காளி சிரிக்க மாட்டார். கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும் குரங்குக் குல்லாய்க்குள் தலையை நுழைத்துக்கொண்டுதான் பால் வாங்கவே கிளம்புவார். முதல் வாரம் அதைக் கேலி செய்யும் தமிழ் அப்பாக்கள் மூன்றாவது வாரத்தில் தாங்களே ஒன்று வாங்கிவிடுகிறார்கள்.

காலை நடைக்கு ரவீந்திர சரோவர். 1920களில் கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் வெட்டிய ஏரி. தாகூர் பெயர் சூட்டப்பட்டது 1958-ல்தான். பழைய ஆட்களுக்கு இன்றும் அது 'லேக்'. பனி விலகாத தண்ணீரில் படகுப் போட்டிக்காரர்கள் துடுப்பு போடுவார்கள். கரையில் சிரிப்புச் சங்கத்தினர் கையைத் தூக்கிச் சிரிப்பார்கள். பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் மண் குவளையில் டீயை வைத்துக்கொண்டு அரசியல் பேசுவார்கள். வங்காளி தெரியாதவருக்கும் யார் கட்சி மாறினார் என்பது பேச்சின் தொனியிலேயே புரிந்துவிடும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் லேக் மார்க்கெட். பல தலைமுறைகளாகத் தென்னிந்தியர்கள் குடியிருக்கும் பகுதி. அக்கவுண்டன்டாகவும் ஸ்டெனோவாகவும் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு வந்தவர்கள் விட்டுப்போன தடம். வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, மல்லிகை, காபிப்பொடி எல்லாம் கிடைக்கும். காய் விற்கும் வங்காளிப் பெண்மணி 'வெண்டைக்காய்' என்று சொல்லித்தான் கூப்பிடுவார். மீன் பகுதியை மூக்கைப் பிடித்தபடி கடக்கும் மாமிகளைப் பார்த்து மீன்காரர்களும் பழகிவிட்டார்கள்.

ஆனால் இந்தப் பருவத்தின் நிஜமான பொருள் வேறு கடையில் இருக்கிறது. நோலேன் குர் - புது வெல்லம். ஈச்ச மரத்திலிருந்து எடுப்பது. நம்மூரில் பனையின் பாளையைச் சீவுகிறோம். இங்கே ஈச்சையின் கழுத்தையே சீவுகிறார்கள். ஷியுலி எனப்படும் மரமேறி, மட்டைகளுக்குக் கீழே தண்டைச் செதுக்கி, மூங்கில் குழாய் ஒன்றைச் செருகி, மாலையில் மண் கலயத்தைத் தொங்கவிட்டு இறங்குவார். இரவெல்லாம் சொட்டும். சூரியன் ஏறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். வெயில் பட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். சில நாள் சீவியபின் மரத்துக்கு ஓய்வு. ஓய்வுக்குப் பிறகு வடியும் முதல் சாறுதான் உசத்தி. நல்ல குளிர் இருந்தால் சாறு தெளிவாக இருக்கும், மேகம் போட்டால் கெட்டுப்போகும். அதனால் இங்கே மிட்டாய்க் கடைக்காரரும் வானிலை அறிக்கையை விவசாயிபோலவே கவனிக்கிறார். ஷியுலிகளின் பிள்ளைகள் மரமேறத் தயாராக இல்லை. ஈச்ச மரங்களும் செங்கல் சூளைக்கு விறகாகப் போய்க்கொண்டிருக்கின்றன. கடையில் 'நோலேன் குர்' என்று பலகை வைத்திருப்பதெல்லாம் நிஜமான புது வெல்லம் அல்ல என்று உள்ளூர்க்காரர்களே எச்சரிப்பார்கள்.

நிஜத்தைத் தேடுபவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலிகஞ்ச் ஸ்டேஷனில் லக்ஷ்மிகாந்தபூர் லோக்கல் பிடித்து ஜெய்நகருக்குப் போகலாம். கனகசூர் என்ற வாசனை நெல்லின் பொரியைப் புது வெல்லத்தில் பிசைந்து பிடிக்கும் 'மோவா' உருண்டைக்குப் பெயர்போன ஊர்; 2015-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கார்த்திகை தீபத்துக்கு நெல்பொரி உருண்டை பிடித்த கைகளுக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, 'நம்மளது கொஞ்சம் கெட்டியா இருக்கும்' என்று சொல்லாமல் எந்தத் தமிழ் அம்மாவும் ஜெய்நகரை விட்டுக் கிளம்பியதில்லை.

சுற்றிப் பார்க்க மெட்ரோ போதும். டாலிகஞ்ச் ஸ்டேஷன் 1986-ல் திறக்கப்பட்டது. 2009-ல் அதற்கு 'மஹாநாயக் உத்தம் குமார்' என்று பெயர் மாற்றினார்கள். 1980-ல் இறந்த ஒரு நடிகரின் பெயரை ரயில்வே ஸ்டேஷனுக்கு வைத்ததில் இங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. இரண்டாவது ஸ்டாப்பில் காளிகாட். 2021 பிப்ரவரியில் பாதை தட்சிணேஸ்வரம் வரை நீண்டதிலிருந்து, காளி கோயிலைப் பார்த்துவிட்டுப் படகில் ஹூக்ளியைக் கடந்து பேலூர் மடம் போய்வருவது ஒரு பகல் வேலைதான். டிராம்தான் போய்விட்டது. டாலிகஞ்ச்-பாலிகஞ்ச் தடம் கடைசிவரை தாக்குப்பிடித்தவற்றில் ஒன்று. எஸ்பிளனேடு-மைதான் பாதை தவிர மற்றவற்றைக் கைவிடுவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது.

ஜனவரிக் கடைசியில் ஏரிக்கரை நஸ்ருல் மஞ்சில் டோவர் லேன் சங்கீத மாநாடு. 1952-ல் தொடங்கியது. இரவு ஆரம்பித்தால் விடியும்வரை கச்சேரி. மார்கழிக் கச்சேரிகளை மாலை ஆறு மணிக்குக் கேட்டு, கேன்டீனில் டிபன் முடித்து, பத்துக்குள் வீடு திரும்பிப் பழகிய சென்னை ரசிகர்களுக்கு இது சோதனை. இரண்டு மணிக்குச் சால்வைக்குள் குறட்டை, நான்கு மணிக்கு சிதார் ஆலாபனையில் விழிப்பு. பக்கத்து இருக்கை வங்காளியும் அதையேதான் செய்கிறார்.

இதெல்லாம் வந்து போகிறவர்களின் டாலிகஞ்ச். வந்துவிட்டுப் போக முடியாதவர்களின் டாலிகஞ்ச் ஒன்றும் இருக்கிறது.

பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு என்பதை பஸ் கண்டக்டர் கூவும்போது, அந்த இளவரசர் யார் என்று கேட்பவர்கள் குறைவு. பதில் வேலூரில் தொடங்குகிறது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் ஆங்கிலேயர்கள் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். கோட்டைக்குள் திப்பு மஹால், ஹைதர் மஹால் என்று இன்றும் காட்டுகிறார்கள். 1806 ஜூலை 9 அங்கே திப்பு மகள் ஒருவருக்குத் திருமணம். மறுநாள் விடியுமுன் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பினார்கள். கோட்டை மேல் மைசூர்க் கொடி ஏறியது. கலகம் ஒரே நாளில் அடக்கப்பட்டது. தெற்கே இந்தக் குடும்பம் இருக்கும்வரை ஆபத்து என்று முடிவுசெய்த கம்பெனி, இளவரசர்களைக் கப்பலேற்றி கல்கத்தாவுக்கு அனுப்பியது. குடும்பத்துப் பெண்கள் சிலரின் கல்லறைகள் வேலூரிலேயே தங்கிவிட்டன.

இளவரசர்களுக்கு ஒதுக்கப்பட்டது ஊருக்குத் தெற்கே காடும் சதுப்புமாகக் கிடந்த ரஸாபக்லா. இன்றைய டாலிகஞ்ச். மானியம் வந்தது, மாளிகைகள் எழும்பின. கடைக்குட்டி குலாம் முகமது இங்கே ஒரு மசூதி கட்டினார். 1842-ல் தர்மதலாவில் இன்னொன்று. தர்மதலா மசூதியை எல்லா டூரிஸ்ட் கையேடும் சொல்லும். டாலிகஞ்ச் மசூதி, டிராம் டிப்போ பக்கத்துச் சந்தடியில் யாரும் நின்று பார்க்காமல் இருக்கிறது. குலாம் முகமது லண்டன் போய் விக்டோரியா ராணியைச் சந்தித்து, சர் பட்டம் பெற்று, 1872-ல் இறந்தார். வாரிசுகளில் சிலர் வறுமையில் இருப்பதாகப் பத்திரிகைகள் அவ்வப்போது எழுதியதுண்டு. சென்னையிலிருந்து வருபவர்கள் விக்டோரியா மெமோரியலுக்கு அரை நாள் கொடுக்கிறார்கள். வேலூரிலிருந்து பிடுங்கி நட்ட இந்தக் குடும்பத்தின் மசூதிக்கு ஐந்து நிமிடம் கொடுத்தாலும் தகும்.

அடுத்து வந்தவர்கள் சினிமாக்காரர்கள். 1931-ல் பி.என். சர்க்கார் டாலிகஞ்சில் நியூ தியேட்டர்ஸ் தொடங்கினார். மறு வருடமே ஓர் அமெரிக்க ஒலிப்பதிவுப் பொறியாளர், ஹாலிவுட்டுக்கு எதுகையாக 'டாலிவுட்' என்று எழுதினார். தெலுங்குக்காரர்கள் பிற்பாடு எடுத்துக்கொண்ட பெயர் முதலில் இந்தச் சேற்று நிலத்துக்குச் சொந்தம். சென்னையில் பேசும்பட ஸ்டுடியோ 1934-ல்தான் வந்தது. அதற்கு முன்னும் சில வருடங்கள் பின்னும் தமிழ்ப் படக் குழுக்கள் ரயிலேறி கல்கத்தாவுக்கு வந்து தங்கித்தான் படமெடுத்தன. டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' 1933-ல் அப்படி எடுக்கப்பட்டது. தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி'யும் (1937) கல்கத்தாவின் ஈஸ்ட் இந்தியா ஃபிலிம் கம்பெனி ஸ்டுடியோவில், அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் உருவானதுதான். சோழ நாட்டுக் காதலுக்கு செட் போட்ட தச்சர்கள் வங்காளிகள். இன்று டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் டி.வி. சீரியல்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் மேக்கப்புடன் மாமியார் ஒருவர் நின்றால் அது சீரியல் மாமியார்.

1947-க்குப் பிறகு வந்தவர்களுக்கு யாரும் மாளிகை கொடுக்கவில்லை. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து சேர்ந்த அகதிகள் ஜாதவ்பூர், டாலிகஞ்ச் பக்கத்துக் காலி நிலங்களிலும் கைவிடப்பட்ட ராணுவ முகாமிலும் இரவோடு இரவாகக் குடிசை போட்டார்கள். நிலச்சொந்தக்காரர்களின் அடியாட்கள் வந்து பிரிப்பார்கள். மறுநாள் இரவு மறுபடி எழும்பும். குடியிருப்புகளுக்கு அவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள்: பிஜய்கர், ஆஸாத்கர் - வெற்றிக் கோட்டை, சுதந்திரக் கோட்டை. மூங்கில் தட்டிக் கோட்டைகள் பின்னாளில் ஓட்டு வீடாகி, மாடி வீடாகி, இப்போது பில்டர் கையில் நாலு மாடி ஃபிளாட்டாகிக்கொண்டிருக்கின்றன. தமிழ்ப் பெற்றோர்கள் வந்து தங்குவது பெரும்பாலும் இந்த மாதிரி ஃபிளாட்டில்தான். கீழ்வீட்டுப் பாட்டியிடம் 'உங்கள் ஊர் எது' என்று கேட்டால், எழுபது சொச்சம் வருடமாகப் பார்க்காத பரிசாலையோ ஃபரீத்பூரையோ சொல்வார்.

எல்லோருக்கும் முன்னால் வந்தது நதி. ஒரு காலத்தில் கங்கை கடலுக்குப் போன வழி என்று சொல்லப்படும் ஆதிகங்கை. மனசா தேவி காவியங்களில் வணிகன் சாந்த் சதாகரின் கப்பல்கள் போகும் பாதை. தூர்ந்துபோயிருந்த அதை 1775 முதல் தூர்வாரிக் கால்வாயாக்கி, படகுகளிடம் சுங்கம் வாங்கி, கரையில் சந்தை வைத்தார் கம்பெனி ராணுவத்தைச் சேர்ந்த வில்லியம் டாலி. டாலியின் கஞ்ச், அதாவது சந்தை, டாலிகஞ்ச் ஆனது. அந்த நீர் இன்று கறுப்பாக, நகராமல், துர்நாற்றத்துடன் கிடக்கிறது. மெட்ரோவைத் தெற்கே கரியா வரை நீட்டியபோது நிலம் எடுக்கும் தொல்லையைத் தவிர்க்க, சுமார் 300 கான்கிரீட் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். சூழல் ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள், நிற்கவில்லை. இப்போது பசுமைத் தீர்ப்பாயத்தில் நீரைச் சுத்தம் செய்வது பற்றிப் பேசுகிறார்கள். ஆற்றைத் தூர்வாரி வந்த பெயரைத் தாங்கிய ஊர், அதே ஆற்றை அடைத்து ரயில் விட்டது. டாலிகஞ்சைத் தாண்டி ரயில் மேலேறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குக் கீழே இருப்பது கங்கை என்று தெரியாது. காளிகாட்டில் அதே நீரைத்தான் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள்.

ஜனவரி நடுவில் பொங்கல். இங்கே அது பௌஷ் சங்கராந்தி. கங்காசாகர் போகும் யாத்ரீகர்கள் பாபுகாட்டில் கூடாரமடித்திருப்பார்கள். டாலிகஞ்ச் ஃபிளாட்டில் ஒரு பக்கம் குக்கரில் சர்க்கரைப் பொங்கல். வெல்லம் மட்டும் நோலேன் குர். இன்னொரு பக்கம் கீழ்வீட்டிலிருந்து ஒரு தட்டு மேலேறி வரும். அரிசி மாவில் தேங்காயும் வெல்லமும் வைத்து மடித்து அவித்த புலி பிட்டே. மூடியைத் திறந்தால் கொழுக்கட்டை.

பிப்ரவரி பிறந்ததும் சால்வைக்காரர் கடைசித் தவணைக்கு வருகிறார். நோட்டில் கோடு அடித்து, மூட்டையை இறுக்கிக் கட்டுகிறார். மேல்வீட்டில் தமிழ் அம்மாவும் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறார். அடியில் இரண்டு பாட்டாலி வெல்லம், மேலே குரங்குக் குல்லாய். 'அடுத்த வருஷம்?' என்று கேட்கிறார் சால்வைக்காரர், அவருக்குத் தெரிந்த வங்காளியில். அம்மா தலையாட்டுகிறார். கூடத்தில் யாரோ ஃபேன் சுவிட்சைப் போடுகிறார்கள்.