இரண்டு அட்டவணைகளுக்கு நடுவில் இருப்பது

கலைப்பீடத்தில் குழுவேலை என்று ஒன்று தந்தால் முதல் பாதியைத்தான் எல்லாரும் சேர்ந்து செய்வோம். மிச்சப் பாதி, அதாவது எல்லாருடைய ஃபைலையும் ஒன்றாக்கிற வேலை, ஒரு ஆளின்ர தலையில் விழும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளையாத்தான் இருப்பா. "நீர்தானே வடிவா ரைப் பண்ணுவீர்" என்ற ஒரு வசனத்தோட வேலை கைமாறிவிடும்.

போன தவணை எங்களுக்குக் கிடைத்தது வட்டாரச் சொல் சேகரிப்பு. பதினான்கு பேர் கரையோர ஊர்களில் வயதான ஆக்களோட கதைத்து, காற்று, வலை, வள்ளம், சாப்பாடு என்று சொற்களை எழுதிக்கொண்டு வந்தோம். ஆளுக்கொரு வேர்ட் ஃபைல். ஒவ்வொன்றிலும் மூன்று நாலு அட்டவணை. சொல், பொருள், சொன்னவரின் வயது என்று மூன்று நிரல்கள். ஊரின் பெயர் அட்டவணைக்கு மேலே தலைப்பாக இருக்கும். மொத்தம் 47 அட்டவணைகள். சேர்க்கிற பொறுப்பு என்னிடம் வந்தது.

கையால் வெட்டி ஒட்டலாம். ஆனால் முப்பதாவது அட்டவணையில் நித்திரை தூங்கி ஒரு நிரை விடுபட்டால், அது விடுபட்டது யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால்தான் மக்ரோ எழுத யோசித்தேன். வேர்டுக்குள்ளேயே விஷுவல் பேசிக் என்ற சின்ன நிரல்மொழி இருக்கிறது. ஓல்ட் விசையையும் எஃப் 11 விசையையும் சேர்த்து அமத்தினால் அதன் ஜன்னல் திறக்கும். புதிதாக எதையும் நிறுவத் தேவையில்லை.

வேர்டில் இரண்டு அட்டவணைகளைப் பிரித்து வைத்திருப்பது அவற்றுக்கு நடுவில் இருக்கிற பந்திதான். அதை அழித்தால் இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும். அட்டவணையைச் சுற்றி எழுத்து ஓடுகிற மாதிரி அமைத்திருந்தால் மட்டும் ஒட்டாது. அதை முதலில் நிறுத்தவேண்டும். ஆகவே மக்ரோவின் வேலை சுருக்கம்: எல்லா ஃபைலையும் ஒரே ஆவணத்துக்குள் கொண்டுவா, நடுவில் இருப்பதை அழி, திரும்பத் திரும்ப வரும் தலைப்பு நிரையை எடுத்துவிடு. இதைக் கடைசி அட்டவணையிலிருந்து முதலாவதை நோக்கிச் செய்யவேண்டும். முன்னாலிருந்து போனால், இரண்டாவது முதலாவதோடு சேர்ந்தவுடன் மூன்றாவது இரண்டாவதாகிவிடும். எண்ணிக்கை குழம்பி ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும்.

ஆனால் எங்கட ஃபைல்களில் அந்த நடுவில் இருந்தது வெறும் இடைவெளி இல்லை. அங்கேதான் ஊரின் பெயர் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழித்தால் சொல் மிஞ்சும், அது எந்த ஊருடையது என்பது போய்விடும். பிறகு அது வட்டாரச் சொல்லே இல்லை. அதனால் ஒட்டுவதற்கு முதல், ஒவ்வொரு அட்டவணைக்கும் நாலாவது நிரல் ஒன்றைச் சேர்த்து, மேலே இருந்த ஊர்ப்பெயரை எல்லா நிரைகளிலும் எழுதவைத்தேன். பிறகுதான் அழித்தல்.

வேறு இரண்டு இடங்களிலும் மினக்கெட வேண்டியிருந்தது. சிலர் வடிவுக்காக மேலும் கீழுமான கட்டங்களை ஒன்றாக்கியிருந்தார்கள். அப்படியான அட்டவணையில் தனி நிரை ஒன்றைத் தொட வேர்ட் மக்ரோவை விடாது. அவற்றைக் கையால் பிரித்தேன். மற்றது எழுத்து. மக்ரோ எழுதுகிற ஜன்னலில் தமிழ் ரைப் பண்ணினால் கேள்விக்குறிகள்தான் வரும். 'அ' என்று சொல்ல 2949 என்ற அதன் யுனிகோட் இலக்கத்தைக் கொடுக்கவேண்டும். மூன்று பேர் பாமினியில் அடித்திருந்தார்கள். பாமினியில் கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். அவற்றை முதலில் யுனிகோட்டுக்கு மாற்றாமல் ஒன்றும் செய்யேலாது.

எல்லாம் சரிவந்த பிறகு ஓட்டினால், ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை. 47 அட்டவணைகளின் நிரைகளை முதலே எண்ணி வைத்திருந்தேன். தலைப்பு நிரைகளைக் கழித்துப் பார்த்தால் கணக்கு ஒத்துவந்தது.

அப்ப குழுவில ஒருத்தர் கேட்டார், "ஒரே சொல் திரும்பத் திரும்ப வருதே, அதையும் மக்ரோவால தூக்கேலாதா?" ஏலும். முதல் நிரலை மட்டும் ஒப்பிட்டு, ஒன்றை வைத்து மிச்சத்தை அழிக்கச் சொன்னால் போதும். ஆனால் பட்டியலில் 'கச்சான்' இரண்டு தரம் இருந்தது. ஒன்று மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. மற்றது நாங்கள் கொறிக்கிற கச்சான். 'சோளகம்' நாலு ஊரில் இருந்தது, பொருளும் ஒன்றுதான். என்றாலும் நாலு ஊரில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதுதானே நாங்கள் தேடிப்போன விசயம். மக்ரோவுக்கு அது மீள்வருகை. எங்களுக்கு அது சான்று. ஒன்றையும் அழிக்கவில்லை. இந்த முடிவுக்குத்தான் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கதைத்தோம். வெட்டி ஒட்டிக்கொண்டு இருந்திருந்தால் அப்படிக் கதைக்க நேரமே கிடைத்திராது.

மக்ரோவைக் கனிட்ட மாணவர்களுக்கும் கொடுத்தாயிற்று. ஆனால் அனுப்பினவுடனே "அக்கா, இது வைரஸா?" என்று கேட்டார்கள். கேட்டதில பிழையில்லை. 1999இல் மெலிசா என்ற வைரஸ் வேர்ட் மக்ரோவாகத்தான் மின்னஞ்சலில் பரவியது. 2022இலிருந்து, இணையத்தில் வந்த ஃபைலின் மக்ரோக்களை மைக்ரோசொஃப்ட் இயல்பாகவே தடுத்து வைக்கிறது. அதனால் ஃபைலுக்குப் பதிலாக மக்ரோவின் வரிகளை மட்டும் அனுப்பி, எந்த வரி என்ன செய்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாசித்து விளங்கினபிறகு அவையளே ஒட்டி ஓட்டட்டும், அதுவும் ஃபைலின் பிரதி ஒன்றில்.

இந்த முறை அவர்களுடைய குழுவில் சேர்க்கிற வேலையை ஒரு தம்பி எடுத்திருக்கிறான். வடிவா ரைப் பண்ணத் தெரியாது என்று சொல்லித் தப்ப அவனுக்கு இப்ப வழியில்லை.