இலத்தூர்க் குளக்கரையில்

குற்றாலத்திற்கு ஆனி, ஆடியில் போகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள், ஆகாயத்தைப் பார்ப்பதில்லை. தலையில் விழும் தண்ணீர் அதற்கு இடங்கொடுப்பதுமில்லை. நாம் சென்றது சாரலும் கூட்டமும் ஓய்ந்த தை மாதத்தில். குற்றாலத்தில் இறங்காமல், தென்காசியில் பஸ் மாறி இலத்தூருக்குப் போனோம்.

பிரயாணத்திற்குக் காரணம் வகுப்பில் மூண்ட ஒரு சண்டை. உலகத்திலேயே வேகமாய்ப் பறப்பது வல்லூறு என்றான் ஒரு மாணாக்கன். உழவாரன் என்றான் மற்றொருவன். இருவரும் புத்தகம் காட்டினார்கள். இரண்டிலும் அப்படியே அச்சாகியிருந்தது! இத்தகைய வழக்கில் பெரியவர்களும் சளைத்தவர்களல்லர். 1951-ஆம் ஆண்டில் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன ஸர் ஹியூ பீவர் என்ற கனவான், ஐரோப்பாவின் வேட்டைப் பறவைகளுள் எது வேகமானது என்று நண்பர்களுடன் வாதாடினார். விடை சொல்ல ஒரு நூலும் அகப்படவில்லை. அந்தக் குறையிலிருந்து 1955-இல் பிறந்ததுதான் கின்னஸ் புத்தகம். நமக்குப் புத்தகம் போடச் சக்தியில்லை. ஆகவே வாதி, பிரதிவாதி இருவரையும் அழைத்துக்கொண்டு குளக்கரையில் போய் உட்கார்ந்தோம்.

இலத்தூர்க் குளம் விசாலமானது. மேற்கே மலைத்தொடர் நீல மதில்போல் நிற்க, அதன் சாயல் நீரில் விழுந்து கிடக்கிறது. கரையோரம் பனைகள். நாரைகளும் சிறகிகளும் நிம்மதியாக இரை தேடிக்கொண்டிருந்தன. காலை எட்டு மணி இருக்கும். சிறகிகள் அத்தனையும் ஒருமிக்கத் தண்ணீரை அறைந்துகொண்டு கிளம்பின. அண்ணாந்து பார்த்தோம். மிக உயரத்தில் ஒரு கரும்புள்ளி இறக்கையை மடக்கியது, மறுகணம் விழுந்தது. பறந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. துணி கிழிவது போன்ற ஓர் ஓசை மட்டும் காதில் பட்டது. ஆனால் குறி தவறிற்று. வல்லூறு வெறுங்காலுடன் மலைப் பக்கம் திரும்பிச் சென்றது. மாணாக்கர்கள் இருவரும் சிறகிகளுக்காகச் சந்தோஷப்பட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செங்குத்தான பாறை விளிம்பில், கூடென்று ஒன்று கட்டாமலே முட்டையிடும் பறவை இது. மேலிருந்து பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டிவிடும். அமெரிக்காவில் பழக்கிய ஒரு வல்லூற்றை விமானத்திலிருந்து விட்டுப் பார்த்ததில் 389 கிலோமீட்டர் என்று கணக்காயிற்று. எனினும் அந்த வேகத்தில் பாதிக்குமேல் பூமியின் ஆகர்ஷணம் கொடுத்த கடன் என்பது நம் அபிப்பிராயம். சமமட்டத்தில், சொந்தச் சிறகின் வலியால் பறப்பதில் உழவார இனத்திற்கே முதலிடம் கொடுக்கலாம். ஸ்வீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலையார், ஐரோப்பிய உழவாரன் ஒன்று மணிக்கு 111.6 கிலோமீட்டர் பறந்ததை அளந்து 2010-இல் வெளியிட்டார்கள். சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிச் செங்கோட்டை சேரும் பொதிகை எக்ஸ்பிரஸின் சராசரி வேகத்தைப் போல் இது ஏறத்தாழ இருமடங்கு. இந்த இனத்தில் வால் இறகின் நுனியில் முள் நீட்டிக்கொண்டிருக்கும் வகை ஒன்றுக்கு 170 கிலோமீட்டர் என்று பல நூல்கள் எழுதுகின்றன. எப்படி அளந்தார்கள் என்று ஒருவரும் விவரமாய் வெளியிடவில்லை. ஆதலால் நாம் வகுப்பில் அதைச் சொல்வதில்லை.

வழக்கு இவ்வாறு இருவருக்கும் பாதிப் பாதியாகத் தீர்ந்தது. ஆனால் பார்க்க வேண்டியது அதன் பிறகுதான் இருந்தது. பனைகளைச் சுற்றிச் சாம்பல் நிறச் சிறு பறவைகள் அரிவாள் போன்ற இறக்கையுடன் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. பனை உழவாரன் அவை. முன்சொன்ன உறவினர்களின் வேகம் இவற்றுக்கில்லை. ஆனால் ஓய்வும் இல்லை. கால்கள் மிகக் குறுகியவை. கிளையில் உட்காரவோ தரையில் நடக்கவோ உதவா, பற்றித் தொங்கத்தான் உதவும். பகலெல்லாம் காற்றிலேயே பூச்சி பிடித்துத் தின்று வாழ்கின்றன.

அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், இளமையில் பனையேறியவர், நம் பார்வை போன இடத்தைக் கண்டு நின்றார்.

“இது எங்கே கூடு கட்டும், அண்ணாச்சி?” என்று கேட்டோம்.

“காஞ்சு தொங்குத காவோலைக்கு அடியிலே, சார்வாள். எச்சிலை வச்சு இறகை ஒட்டி, கைக்குழி மாதிரிச் செஞ்சிருக்கும். வேற மரத்தை ஏறிட்டும் பாக்காது. நான் ஓலை கழிக்கையிலே எத்தனை தடவை பாத்திருக்கேன்!”

கூந்தலிலும் பாக்கிலும்கூட இவை கட்டுவதுண்டு என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் கரையில் பனையைத் தவிர வேறு என்ன இருந்தது? அதுவும் எத்தனை? கரை நெடுக அடிக்கட்டைகள்தாம் அதிகம் தென்பட்டன. செங்கற் சூளைக்குப் போயிற்று என்றார் முதியவர். பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்புக்கு முன் விழுந்தவை எவை, பின் விழுந்தவை எவை என்று கட்டையைப் பார்த்துச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

மாலையில் திரும்புகையில் பையன்கள் இருவரும் சண்டையை மறந்து ஒரு பனையடியில் நின்றுவிட்டார்கள். உழவாரன்கள் ஒவ்வொன்றாகக் காவோலைக்குள் பாய்ந்து மறைந்தன. ஒருவன் எண்ண, மற்றவன் நோட்டில் குறித்தான். முப்பத்தொன்றாவது பறவை நுழைந்தபோது பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அந்தப் பஸ்ஸை நாம் விட்டுவிட்டோம்.